பழி கரண்ட் மேல், செலவு பாடுகிறவன் தலையில்

திண்டுக்கல் மாதிரி ஊரில் வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்வது வீண் வேலை என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டின் நடுவே 'டிக்' என்று வெட்டுவதற்கும், குரல் விட்டு விட்டு வருவதற்கும் அவர் சொல்லும் காரணங்கள் மூன்று: ஊர் கரண்ட், பழைய கணினி, குறைந்த சாம்பிள் ரேட். ஸ்டெபிலைசர் வாங்கு, புது லேப்டாப் வாங்கு, 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய், முடியாவிட்டால் சென்னை ஸ்டுடியோவுக்குப் போ என்கிறார். மூன்று காரணமும் தவறு. தவறோடு செலவையும் சேர்த்துப் பரிந்துரைத்திருப்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் கரண்ட் என்றதும் எல்லோரும் தலையாட்டுகிறோம். ஆனால் லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது. யூஎஸ்பி வழியே மின்சாரம் எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் அதில்தான் ஓடுகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். பவர் செட்டிங்கை மட்டும் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள்; இல்லாவிட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் வெட்டு வந்தால் மின்கம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கரண்டால் வரும் கோளாறு வேறு மாதிரி கேட்கும்: 50 ஹெர்ட்ஸ் உறுமல், அல்லது போர் மோட்டார் போடும்போது ஒரு 'டப்'. திரையில் அலையைப் பெரிதாக்கினால் மோட்டார் சத்தம் ஊசிமுனையாக எழுந்து நிற்கும். டிராப்அவுட்டில், அதாவது நாம் பேசும் வெட்டில், அலை ஓரிடத்தில் அறுந்து சம்பந்தமில்லாத இன்னோர் இடத்தில் தொடங்கும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதியவர் ஒரு பதிவையாவது பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

ஏன் அறுகிறது? கணினி ஒலியை வாளி வாளியாகப் பிடிக்கிறது. அந்த வாளிதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லி விநாடிக்கு ஒரு வாளி நிறையும். அடுத்தது நிறைவதற்குள் இதை வாங்கிக் கொட்டியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வேறொரு டிரைவர் பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் வாளி வழிந்துவிடும். யூஎஸ்பி ஒலியில் தவறிய தரவை மறுபடி அனுப்புவதில்லை; போனது போனதுதான். இது முழுக்க முழுக்கக் கெடு தவறும் சிக்கல். இதற்கு அவர் சொல்லும் 96 கிலோஹெர்ட்ஸில் அதே 256 சாம்பிள் 2.7 மில்லி விநாடியில் நிறைந்துவிடும். கெடு பாதியாகக் குறைகிறது. வெட்டைக் குறைக்க அவர் தந்த யோசனை வெட்டைக் கூட்டும்.

புது லேப்டாப் என்பது அதைவிட மோசம். எட்டு டிராக்கை ஒரே நேரத்தில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலும் விநாடிக்கு 1.2 எம்பி கூட ஆகாது. பத்து வருடப் பழைய ஹார்ட் டிஸ்க் இதைத் தாங்கும். சின்னாளபட்டியில் என் பெரியம்மா பாடிய ஒப்பாரியை நான் புத்தம்புது லேப்டாப்பில்தான் பதிந்தேன். மூன்று இடத்தில் சொல் அறுந்துவிட்டது. பிறகு லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தபோது வைஃபை டிரைவர் பிராசஸரை விடாமல் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. வைஃபையை அணைத்தேன், வெட்டு நின்றது. ஒரு பைசா செலவில்லை. மறுபடி பாடச் சொல்லிக் கேட்கத்தான் பெரியம்மா இல்லை.

வெயிலைப் பற்றி அவர் எழுதியது மட்டும் சரி. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே, மில் பஞ்சு அடைத்த ஃபேனோடு ஓடும் லேப்டாப் சூடேறித் தானே வேகம் குறையும். அப்போதும் தேவை ஒரு பிரஷ்தான்.

வெட்டை நிறுத்த இன்னொரு வழி வாளியைப் பெரிதாக்குவது. ஆனால் பஃபரை 1024-க்கு ஏற்றினால் பாடுகிறவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்கும் என்று பயமுறுத்துகிறார். பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் 'டைரக்ட் மானிட்டர்' இருக்கிறது; குரல் கணினிக்குள் போய் வராமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். சிறிய பஃபரோ நம் கலைஞர்களுக்குப் பழகிய தாமதத்தைத்தான் தருகிறது. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் நாயனத்துக்குப் பத்தடி தள்ளி நின்று தவில் அடிப்பவர் காதுக்கு அந்த ஓசை ஏறத்தாழ 9 மில்லி விநாடி பிந்தித்தான் வருகிறது. அவர் தாளம் பிசகுவதில்லை.

வேடசந்தூரில் மில் ஷிப்ட் முடிந்து வந்து இரவில் பாடிப் பதிகிற பையன்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை நம்பி அவர்களில் ஒருவன் வட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுப்பதற்குள், அடுத்த இதழிலேயே தன் பரிந்துரைகளை அவர் திரும்பப் பெற வேண்டும்.