ஆடுனது போதும், செஞ்சு பாருங்க!



"ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னப்பா பண்ணப் போறே?" என்று கேட்டால், "காசு குடுத்தா ரெடியா கிடைக்குது, எதுக்கு மெனக்கெடணும்?" என்று பதில் வருகிறது. நான் காதர்பேட்டைக்காரன். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியனை மலிவா வாங்கிப் போட எங்க ஊர்ல யாரும் வெட்கப்படறதில்லை. ஆனால் அடுத்தவன் சால்டரிங் வைத்த போர்டில் நம்ம பேரை ஒட்டி வைவாவில் நீட்டுவது வேறு சங்கதி!

என் யோசனை இதுதான்: காசு போட்டு, நின்றுகொண்டே ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை நாமே செய்வோம். "கேமுக்கு டிப்ளமாவா?" என்று சிரிக்காதீர்கள்.

1972-ல் அமெரிக்காவின் அடாரி கம்பெனியில் நோலன் புஷ்னல், புதிதாகச் சேர்ந்த 24 வயது ஆலன் அல்கார்னுக்கு வெறும் பயிற்சிக்காக ஒரு வேலை கொடுத்தார். ஒரு பந்து, இரண்டு மட்டை, ஸ்கோர். அவ்வளவுதான். அதுதான் 'பாங்'! அதில் மைக்ரோபிராசசரே கிடையாது. நம்ம டிஜிட்டல் லேபில் பார்க்கும் டி.டி.எல். வகை சிப்கள்தான். கடையில் வாங்கிய கருப்பு-வெள்ளை டி.வி.யை மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். மதுக்கடை ஒன்றில் வைத்த பெட்டி கொஞ்ச நாளில் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே காசு நிரம்பி வழிந்திருந்தது!

1978-ல் ஜப்பானின் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். 55 உருவங்களை நகர்த்த 8080 பிராசசர் திணறியது. சுடச் சுட பாரம் குறைந்து, மிச்சமுள்ளவை வேகமெடுத்தன. அந்தக் குறையையே ஆட்டத்தின் சுவையாக்கி விட்டார் மனுஷன்.

நமக்கு இன்று வசதி அதிகம். ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, 1 கிலோ ஓமில் ஒன்றும் 470 ஓமில் ஒன்றுமாக இரண்டு ரெசிஸ்டர், 'டிவி அவுட்' என்ற இலவச லைப்ரரி, ஏ.வி. இன்புட் உள்ள பழைய டி.வி. போதும். (டி.வி.யின் பின்மூடியை மட்டும் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஹை வோல்டேஜ் நிற்கும்.) படம் 128-க்கு 96 புள்ளி. அதற்கே 1536 பைட் போய்விடும். மொத்த ராம் 2048 பைட்தான். மீதி 512-க்குள் பந்து, மட்டை, ஸ்கோர் எல்லாம் அடங்க வேண்டும். சிக்கனம் என்றால் என்ன என்று அப்போது புரியும்!

புரியாத வித்தையா இது? நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் ஒரு ஸ்விட்ச் தட்டுது, விளக்கு எரியுது, மெஷின் நிக்குது. ஜாய்ஸ்டிக்கும் நாலு ஸ்விட்ச்தானுங்க. காலரில் எழுத்து வர கட்டம் போட்டு டிசைன் செய்கிறோம். திரையில் உருவம் வரவும் அதே கட்டம்தான்.

பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த 'ஸ்விட்ச் பவுன்ஸ்' இங்கே கண்முன் நிற்கும். ஒரு காசு போட்டால் மூன்று என்று எண்ணும்! சில மில்லி செகண்ட் பொறுத்து மறுபடி பார்க்கச் சொல்லி புரோகிராம் எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

எல்லாவற்றையும்விட, கேமில் ஏமாற்ற முடியாது. "பந்து வேகத்தை இரண்டு மடங்காக்கு தம்பி" என்று எக்ஸாமினர் சொன்னால், செய்தவன் ஒரே நிமிஷத்தில் மாற்றுவான். வாங்கியவன் முழிப்பான். நாளைக்குக் கம்பெனியில் மெஷின் நின்றுபோய், சூப்பர்வைசர் நம்ம முகத்தைப் பார்க்கும்போதும் இதே கதைதான்.

எனவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு கண்காட்சியில் சொந்தமாகச் செய்த பெட்டிகளுக்கென்று ஒரு மேஜை ஒதுக்குங்கள். பந்து கோணலாகப் போனாலும் பரவாயில்லை. ஏன் கோணலாகப் போகிறது என்று செய்தவன் சொல்லட்டும். அதற்கு முதல் பரிசு கொடுங்கள்!