நாற்காலி ரயில் ஓடட்டும்!

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். மூன்றரை வயதுப் பேரன் கூடத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் ஓட்டிக் கொண்டிருந்தான். விருந்தாளிகள் வருகிற நேரம். "இது வீடா, ரயில்வே ஸ்டேஷனாடா?" என்று ஒரு சத்தம் போட்டு, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். குழந்தை அழவில்லை. "அப்பாவைக் கூட்டிட்டு வர்ற ரயில், பாட்டி" என்றான்.

என் பிள்ளை வேலை பார்ப்பது துபாயில். துபாய்க்கு ஏது ரயில் என்கிறீர்களா? நமக்குத்தான் இல்லை!

ஏக்கத்தை வாயால் சொல்ல அந்த வயதில் தெரியாது. விளையாடித்தான் சொல்லும். அதைத்தான் நான் கலைத்துவிட்டேன்.

ஒன்றரை வயது சுமாருக்கே காலி டம்ளரை உறிஞ்சிக் குடிப்பதுபோல் பாவனை தொடங்கிவிடும். மூன்று, நாலு வயதில் டாக்டர், டீச்சர், கண்டக்டர் எல்லாம் ஆகும். "பொய் சொல்கிறானே" என்று கவலைப்படாதீர்கள். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை, பொருள் வேறு, அதன் அர்த்தம் வேறு என்று பிரித்து நினைக்கப் பழகுகிறது என்று ரஷ்ய மனோதத்துவ அறிஞர் வைகாட்ஸ்கி 1933-லேயே விளக்கினார். நாளைக்கு 'அ' என்ற கோட்டை ஒலியாக நினைக்க வேண்டாமா?

இதற்குக் காசு செலவில்லை. அட்டைப்பெட்டி, பழைய புடவை, மரக்கரண்டி, சொப்புச் சாமான் போதும். மூன்று வயதுக்குள் இருந்தால் புளியங்கொட்டை, பட்டன், காசு வேண்டாம், தொண்டையில் சிக்கும். பிளாஸ்டிக் பையும் கூடாது.

தினம் பத்து நிமிஷம் நீங்களும் சேருங்கள். ஆனால் டிரைவர் குழந்தைதான். "ரயில் இப்படியா ஓடும்?" என்று திருத்தாதீர்கள். "அடுத்த ஸ்டேஷன் எது சார்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வளரும். கலைத்தே ஆக வேண்டுமென்றால், "அஞ்சு நிமிஷத்துல வண்டி ஷெட்டுக்குப் போகணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"செல்போனைக் கொடுத்தால் சமர்த்தாய் இருக்கிறானே" என்பார்கள் சிலர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

அன்று விருந்தாளிகள் போனதும் நானே நாற்காலிகளை வரிசைப்படுத்தி, "ஒரு டிக்கெட் கிடைக்குமா சார்?" என்றேன். முறைத்துப் பார்த்தான். பிறகு, "பாட்டிக்கு அரை டிக்கெட்" என்றான். ரயில் கிளம்பியது.

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. நாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவார்கள். அங்கே சிதைப்பது குழந்தை. நம் வீட்டில் பல நாள் நாம்தான். விளக்குமாற்றைக் கையில் எடுக்கும் முன், அது என்ன வீடு, என்ன ரயில் என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்!