வெர்னியர் சொல்லும் அகலம்

"28 போட்டாச்சு சார், கை மரத்துப்போறது மட்டும் நிக்கவே இல்ல." 300 கிலோமீட்டர் ப்ரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தை முடித்துவிட்டு வந்த ஒருவர் போன மாதம் பட்டறையில் என்னிடம் சொன்னது. ஹேண்டில்பார் டேப் மாற்றியாயிற்று, ஜெல் கையுறை வாங்கியாயிற்று, சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாயிற்று. கடைசியாக 25 டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு 28 மாட்டியிருக்கிறார். காற்று எவ்வளவு என்று கேட்டேன். "எப்பவும் போல 110."

வெர்னியரை எடுத்து டயரின் மேல் வைத்தேன். 26.5 மி.மீ. காட்டியது. ரிம்மைப் பார்த்தால் உள் அகலம் 15. பழைய, நல்ல, இன்னும் பெண்டு வராத ரிம். இப்போது வரும் 28 டயர்களை 19 போன்ற அகலமான ரிம்மில் மாட்டி அளந்துதான் அந்த எண்ணைப் பொறிக்கிறார்கள். ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. மாறினால் டயர் சுமார் 0.4 மி.மீ. மாறும் என்பது பட்டறைக் கணக்கு. ரிம் நாலு மி.மீ. குறுகல் என்பதால் டயர் ஒன்றரை மி.மீ. இளைத்துவிட்டது. முன்பு ஓட்டிய 25, குறுகிய ரிம் காலத்து டயர். அது உண்மையிலேயே 25. மூன்று மி.மீ.க்குக் காசு கொடுத்துவிட்டு பாதியை வாங்கிப் போயிருக்கிறார். விற்ற கடைக்காரர் ஏமாற்றவில்லை. ரிம்மை அளக்கவில்லை, அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் அளக்கிறோம்?

காற்றுக்கு வருவோம். கேசிங்கில் விழும் இழுவிசை, அழுத்தத்தையும் டயரின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. அகலம் கூடி அழுத்தம் அப்படியே நின்றால் கேசிங் முன்பைவிட விறைக்கும். 25 டயரில் 110 தந்த அதே விறைப்புக்கு 26.5 டயரில் 104 பி.எஸ்.ஐ. போதும். இவர் 110 அடித்ததால், டயரை மாற்றிய பிறகு வண்டி முன்பைவிடக் கட்டையாகத்தான் ஓடியிருக்கும். சொகுசை டயரின் அகலம் நேராகத் தருவதில்லை. காற்றை இறக்க இடம் கொடுக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தாதவருக்கு 28 என்பது கொஞ்சம் கனமான 25.

'இறக்கினால் வேகம் போய்விடும்' என்ற பயம் வழவழப்பான இரும்பு உருளையில் டயரை ஓட்டிப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தது. உருளையில் குண்டு குழி இல்லை, மேலே உட்கார்ந்து குலுங்கும் உடம்பும் இல்லை. சாலையில் அந்தக் குலுக்கலே சக்தியைத் தின்கிறது என்பதை 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' ஆசிரியர் ஜான் ஹைனெ ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக எழுதிவருகிறார். முதலில் சிரித்த பந்தய அணிகள் இன்று 28க்கும் 30க்கும் வந்துவிட்டன.

ரிம்முக்கு இதில் என்ன வேலை? காற்றை இறக்கியபின் டயர் நேராக நிற்க வேண்டும். 15 ரிம்மில் 28 டயரின் அடி குறுகி, மேல்பகுதி பல்பு மாதிரி உப்பி நிற்கிறது. 110இல் இது தெரியாது. 70க்கு இறக்கி ஒரு வளைவில் சாய்த்தால் டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் நெளியும்; ஓட்டுபவர் "பின்னாடி ஆட்டுது" என்று வருவார், நாம் ஹப் பேரிங்கைச் சந்தேகிப்போம். 21 ரிம்மில் அதே டயரின் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கும், கொள்ளளவும் கூடும். 75 கிலோ ஆள் 65, 70 என்று ஓட்டலாம்.

ரிம் அளவைக் கண்டுபிடிக்க எப்போதும் டயரைக் கழற்ற வேண்டியதில்லை. பல ரிம்களில் பொறித்தே இருக்கிறது. ஆனால் அதைத் தப்பாகப் படிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. டயரில் 700×28சி என்று இருப்பதில் வரும் 'சி', 700ஏ, 700பி, 700சி என்று போன பழைய பிரெஞ்சு வரிசையின் மிச்சம். இன்று அது அகலத்தைக் குறிப்பதில்லை. ரிம்மில் 622×19சி என்று வரும் 'சி' வேறு: டயரின் பீடைப் பிடிக்க ஓரத்தில் கொக்கி இருக்கிறது என்று அர்த்தம். 'டி.சி.' என்றால் கொக்கியுள்ள டியூப்லெஸ். 'டி.எஸ்.எஸ்.' என்றால் கொக்கியே இல்லாத நேர்ச்சுவர், அதாவது ஹூக்லெஸ். இந்த மூன்றெழுத்தைக் கண்டால் பம்பைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

ஹூக்லெஸ்ஸுக்கு மேல் எல்லை 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. 95 கிலோ ஆளுக்கு 28 டயரில் 80 தேவைப்பட்டால் அந்தச் சக்கரம் அவருக்கானது அல்ல. ஏ.சி. அறையில் 25 டிகிரியில் 70 அடித்த டயர், மதிய வெயிலில் 45 டிகிரிக்குச் சூடேறினால் தானாகவே ஆறு பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அகலத்துக்கும் எல்லை உண்டு. 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூரில் தாமஸ் டி ஹென்ட்டின் முன்சக்கரம் கல்லில் மோதி, டயர் ரிம்மைவிட்டுக் கழன்று சுற்றிக்கொண்டது. 25 உள் அகல ஹூக்லெஸ் ரிம்மில் 28 டயர். அந்த ரிம்முக்குக் குறைந்தது 29 வேண்டும் என்பதே இன்றைய விதி. உள் அகலத்தைப்போல 1.45 முதல் 2 மடங்கு டயர் என்று நாம் தொழில் கற்ற காலத்துச் சூத்திரம் இப்போதைய ரிம்களுக்குப் பொருந்தாது. 21 ரிம்மில் 28 என்பது 1.33தான். டயர், ரிம் இரண்டு கம்பெனிகளின் அட்டவணையும் ஒத்துப்போனால் மட்டும் மாட்டுங்கள்.

ரிம் பிரேக் வண்டிகள் இன்னும் நம்மிடம் நிறைய வருகின்றன. அகல ரிம் போட்டதும் டயர் தடித்து, ஃபோர்க் கிரௌனையும் காலிப்பரையும் உரசலாம். சுற்றிலும் நாலு மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் நான் மாட்டித் தருவதில்லை.

ஜாப் கார்டில் பெயருக்கும் போன் நம்பருக்கும் கீழே மூன்று எண்களுக்கு இடம் விடலாம்: ரிம் உள் அகலம், மாட்டியபின் அளந்த டயர் அகலம், முன்னும் பின்னும் காற்று. டயரை 24 மணி நேரம் காற்றோடு வைத்துவிட்டு அளந்தால் இன்னும் நல்லது, புது கேசிங் கொஞ்சம் இளகும்.

அந்த ப்ரெவே ஓட்டுநருக்கு நான் சக்கரம் விற்கவில்லை. முன்னால் 75, பின்னால் 82 வைத்து அனுப்பினேன். பம்பு அடித்த கூலிகூட வாங்கவில்லை. ஈ.சி.ஆரில் புதுச்சேரிவரை போய்த் திரும்பியவர் கை மரக்கவில்லை என்றார். "இன்னும் இறக்கலாமா சார்?" 15 ரிம்மில் வேண்டாம் என்றேன். 21 ரிம் என்ன விலை என்று அவராகவே கேட்டார்.