‘வேலை குறைந்தது’, ‘வேலை கூடியது’... எதை நம்புவது?

‘‘எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம், நான்கு கறவை மாடுகள் உள்ளன. மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர். ‘தொழிற்சாலை வேலை இந்தக் காலாண்டில் குறைந்துள்ளது’ என்று ஒரு செய்தி. ‘கடந்த ஆண்டைவிடக் கூடியுள்ளது’ என்று மற்றொரு செய்தி. மாடுகளை விற்றுவிட்டு, எல்லோரும் திருப்பூருக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறோம். எதை நம்புவது?’’

- வாசகி, மூலனூர்.

இரண்டு செய்தியும் உண்மையாக இருக்கலாம். உங்கள் பால் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கறவையை ஜனவரியோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியும். போன வருட மே மாதத்தோடு ஒப்பிட்டால் கூடியிருக்கும்.

ஆலை வேலையும் அப்படித்தான். சென்ற ஆண்டு ஏப்ரல்-ஜூனில் 1,000 பேர், இந்த ஆண்டு ஜனவரி-மார்ச்சில் 1,100 பேர், ஏப்ரல்-ஜூனில் 1,050 பேர் வேலை செய்ததாக வைத்துக்கொள்வோம். காலாண்டுக் கணக்கில் 50 பேர் குறைவு. ஆண்டுக் கணக்கில் 50 பேர் அதிகம். சர்க்கரை ஆலையில் அரவை முடிந்ததும் ஆட்கள் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது பருவத்தின் குணம். போன வருடத்தின் அதே காலாண்டைவிடக் குறைந்து, அது அடுத்தடுத்தும் தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சில இறக்கங்களுக்குப் பருவம் காரணமல்ல. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா, இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவிகித வரி விதித்தது. அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த திருப்பூர் கம்பெனிகளுக்கு அது பெரிய அடி.

யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு, பதிவுபெற்ற ஆலைகளைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. ஐந்தாறு மெஷின் போட்டு நடத்தும் பவர் டேபிள் யூனிட்கள் அதில் வராது. ஆர்டர் குறைந்தால், பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்குத்தான் முதல் பாதிப்பு. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தவர் ஒரு ஷிஃப்ட் மட்டும் பார்த்தாலும், ஆள் கணக்கில் குறைவு தெரியாது. சம்பளக் கவரில் தெரியும்.

ஆகவே, மகனிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

1. போன வருடம் இதே மாதம் வாரத்துக்கு எத்தனை ஷிஃப்ட், இப்போது எத்தனை?

2. கம்பெனிக்கு வருவது ஏற்றுமதி ஆர்டரா, உள்நாட்டு ஆர்டரா? ஒரே நாட்டை நம்பியிருக்கிறதா?

3. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ-க்குள் வருவார்கள். இரண்டும் இல்லையென்றால், வேலை நிற்கும் நாளில் கையில் எதுவும் இருக்காது.

ஒரு காலாண்டுச் செய்தியைப் பார்த்து மாட்டை விற்க வேண்டாம். விற்ற மாட்டை அதே விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. மகன் அங்கே இருக்கட்டும். நீங்கள் தோட்டத்தைப் பாருங்கள். அவருடைய சம்பளத்தை மாதாமாதம் நோட்டில் எழுதி, நான்கு காலாண்டையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.