ஆராய்ச்சியும் உழைப்பே!

ஓசூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளியின் மகளும், கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கூலி வேலை செய்பவரின் மகனும் இன்று டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் போகிறார்கள். சேலத்தில் 1997ல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகமும், எல்லைக்கு அப்பால் பெங்களூரில் 1909ல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகமும் எட்டும் தூரத்தில் உள்ளன. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் வீட்டில் கேட்கிறார்கள்: "கல்யாண வயது வந்தும் இன்னும் படிப்பா?" தோழர்களே, இது வெறும் படிப்பல்ல; வேலை. இதுவரை எவரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்து, ஆதாரத்துடன் நிரூபிக்க வேண்டும். பல முயற்சிகள் வீணாகும். ஆகவேதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகள் வரை என்று காலம் வகுத்தன; பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு.

வேலை என்றால் கூலி வேண்டாமா? தேசியத் தகுதித் தேர்வில் முன்னணியில் வந்து இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அது கிட்டாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய்தான் தரப்பட்டு வந்தது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த மானியக் குழு முடிவு செய்தது. மாணவர்கள் டில்லியில் அதன் அலுவலகத்தை முற்றுகையிட்டனர், உதவித்தொகை பிழைத்தது. ஆனால் 2016 ஜனவரி 17ல், தமக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி என்று எழுதி வைத்துவிட்டு, ஐதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வேமுலா உயிர் நீத்தார். இதை நாம் மறக்கலாமா?

ஆராய்ச்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்: சேருமுன், அந்த வழிகாட்டியிடம் எத்தனை பேர், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் ஏற்கக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் உங்கள் வேலையை வையுங்கள். அது சுமையல்ல, உங்களுக்குப் பாதுகாப்பு. கடைசி ஆண்டுக்கென்று ஒத்திப்போடாமல் தினம் ஒரு பக்கமாவது எழுதுங்கள். சிக்கல் வந்தால் அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். சக மாணவருடன் பேசுங்கள், ஒன்றுசேருங்கள்.

சர்க்காரை நாம் கேட்பது இதுதான்: மாநிலப் பல்கலைக்கழகங்கள் உட்பட எங்கும், முழுநேர ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் வாழப் போதுமான உதவித்தொகை, மாதாமாதம், தேதி தவறாமல் வேண்டும். சம்பளம் தேதி தவறினால் ஆலை வாசலில் நிற்கிறோம். பிள்ளைகளின் உதவித்தொகை தேதி தவறும்போதும் நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.