மறுவரைவு படைப்பாகுமா?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓர் ஓவியப் போட்டிக்கு நான் ஒரு படம் வரைந்து கொண்டு சென்றேன். வீடியோ விளையாட்டுகளில் நாம் எல்லாரும் அறிந்த மாரியோதான் படத்தின் நாயகன். ஆனால் துள்ளி ஓடும் மாரியோ அல்லன். அறுபதைக் கடந்த மாரியோ. காதில் பென்சில், மீசையில் மரத்தூள், கையில் உளியும் சுத்தியலும், காலடியில் பாதி இழைத்த பலகை. நடுவராக வந்திருந்த பெரியவர் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "கோடு நன்றாக இருக்கிறது, தம்பி. ஆனால் மாரியோ ஏற்கெனவே இருக்கிறானே! இதில் உன்னுடையது எது?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். தென்னை மரமும் படகும் அந்திச் சூரியனும் கொண்ட படத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நண்பர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆயினும், அந்தத் தென்னையை எத்தனை நாட்காட்டிகளில் பார்த்திருக்கிறோம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நிற்க. நடுவர் கேட்டது நியாயமான கேள்வியே. அன்று எனக்கு விடை வரவில்லை. இப்போது சொல்ல முயல்கிறேன்.

மாரியோ எப்படிப் பிறந்தான்? ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1981-ஆம் ஆண்டு 'டாங்கி காங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. முதலில் பாப்பாய் என்னும் கேலிச்சித்திர மாலுமியை வைத்தே விளையாட்டை அமைக்க எண்ணினார்கள். உரிமை கிடைக்கவில்லை. ஆகவே பாப்பாய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தச்சனும், அவன் எதிரி புளூட்டோவின் இடத்தில் ஒரு குரங்கும், ஆலிவின் இடத்தில் வேறொரு பெண்ணும் வந்து நின்றார்கள். ஆம், மாரியோ முதலில் தச்சன்தான்; 1983-இல் 'மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில்தான் பிளம்பர் ஆனான். தொடக்கத்தில் விளையாட்டுக்குள் அவன் பெயர்கூட 'ஜம்ப்மேன்'தான். திரையில் அவனுக்குக் கிடைத்த இடமோ ஒரு சில புள்ளிகள். அதற்குள் தலைமுடியை வரைவது கடினம், எனவே தொப்பி. மூக்கும் வாயும் பிரிந்து தெரிய வேண்டும், எனவே மீசை. கை வீசுவது கண்ணில் பட வேண்டும், எனவே சட்டைக்கு மாறான நிறத்தில் ஓவரால். குரங்கைக் கண்ட யூனிவர்சல் நிறுவனம், இது எங்கள் கிங்காங் என்று 1982-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்துத் தோற்றுப் போனது.

சுயம்பு என்று நாம் எண்ணும் மாரியோவே வேறொருவன் விட்டுச்சென்ற இடத்தில் எழுந்தவன் என்றால், வெற்றுத்தாளில் தொடங்கினால்தான் படைப்பு என்னும் அளவுகோல் எங்கே நிற்கும்? தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க: நன்னூலார் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்தார், வழிநூலை நூலே அல்ல என்று தள்ளிவிடவில்லை. (கம்பர் பெயரைச் சொல்லி வழக்கை வென்றுவிடலாம். அந்தக் குறுக்குவழி எனக்கு வேண்டாம்.)

மறுவரைவு எளிது என்று கூறுவாரும் உளர். அவர்கள் சோனிக்கின் கதையைக் கேட்க வேண்டும். 1991-இல் நவோட்டோ ஓஷிமா வரைந்த நீல நிற முள்ளெலி அது. திரைப்படமாக்கியபோது அதற்கு மனிதப் பற்களும் சிறு கண்களும் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் முன்னோட்டம் வெளிவந்ததும் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு, சோனிக் சித்திரக் கதைகளில் பணியாற்றிய டைசன் ஹெஸ் தலைமையில் உருவத்தைத் திருத்தினார்கள். 2019 நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரியில் வந்தது. ஒரே முள்ளெலிதான், ஒரு கை கெடுத்தது, மற்றொரு கை மீட்டது. கைக்குக் கை வேறுபடும் ஒரு வேலையை வெறும் நகல் என்று எப்படிச் சொல்வது?

அதற்காக, சிவப்புத் தொப்பியை நீலமாக்கிவிட்டு நானும் படைப்பாளி என்பவருக்காக நான் வாதாட மாட்டேன். வரைந்த கோட்டைக் காட்டி 'இது ஏன்?' என்று கேட்டால், வரைந்தவனிடம் ஒரு விடை இருக்க வேண்டும். மூலம் யாருடையது என்பதையும் அவன் மறைக்கக் கூடாது. என் படத்தின் கீழ் அன்று மியாமோட்டோவின் பெயரை நான் எழுதவில்லை. அது என் பிழை. விற்றுக் காசு பார்ப்பதானால் உரியவரின் அனுமதி வேண்டும் என்பது வேறு வழக்கு.

இனி என் விடை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா தச்சுவேலை செய்கிறார். பழைய கதவைப் பிரித்து மேசையாக்கித் தருவதுதான் புதுமேசையைவிடக் கடினம் என்பார். உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி தெரியாமல் இழைப்புளியை ஓட்டினால் அலகு போய்விடும், பழைய துளைகளைப் பார்த்துத்தான் புதிய துளை போட முடியும். பரிசில்லாமல் திரும்பிய படத்தை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா, உளிய இரும்புச் சுத்தியால அடிப்பானா? பிடி பிளந்துடும். கொட்டாப்புளியைக் குடு அவன் கையில" என்றார். மாரியோ யார் என்று அவர் கேட்கவே இல்லை. தொப்பியும் மீசையும் மியாமோட்டோவுடையவை. காதில் செருகிய பென்சிலும், கூனிய முதுகும், இடது பெருவிரலில் இருக்கும் தழும்பும் யாருடையவை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நம் கல்லூரி நுண்கலை மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஓவியப் போட்டியில் 'மறுவரைவு' என்று தனிப் பிரிவு வையுங்கள். மூலத்தையும் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எது யாருடையது என்பதை நடுவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் படத்தை மறுபடியும் வரைந்துவிட்டேன். சுத்தியல் போய்க் கொட்டாப்புளி வந்துவிட்டது. கீழே ஓரத்தில் மூலம் மியாமோட்டோ, 1981 என்று எழுதி, அதனடியில் என் பெயர். பலகையில் ரேகை ஓடும் திசை தப்பு என்கிறார் அப்பா. அதையும் திருத்த வேண்டும்.