தாழ்த்திய காரும் பெயர் தெரியாத ஸ்பிரிங்கும்



குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் எங்கள் பெண்களில் சிலர் இப்போது உழைப்புக்கென்று கார் வாங்குகிறார்கள். அநேகமாக அது பழைய கார்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. கைமாறும்போது யாரோ எதையோ கழற்றி, எதையோ பூட்டியிருப்பார்கள்.

கிடைத்ததைப் பூட்டி ஓடுவது எங்களுக்குப் புதிதல்ல. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வராத காலத்தில் அது வேறு வழியில்லாத கெட்டித்தனம். இன்று அழகுக்காகக் காரைத் தாழ்த்துவது அப்படியானதல்ல. தாழ்த்தியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதில் ஓடப்போவது நாங்கள்.

நீர்வேலியில், யுத்தத்தில் கணவனை இழந்த சகோதரி ஒருவர் பழைய ரொயோற்றா கொரோலா ஒன்றை வாங்கினார். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மற்ற நேரம் சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை என்பது அவருடைய கணக்கு. டிக்கியில் நாலு குலை வைத்ததும் பின் ரயர் மட்காட்டில் உரசியது. “ஜப்பான் ஸ்போர்ட்ஸ் சாமான்” என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். “அக்கா, இதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர என்ன வாங்க வேணும்?” என்று என்னிடம் கேட்டார். உள்ளே பூட்டியிருப்பது என்ன என்று தெரியாமல் எந்தக் கடைக்காரரும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காரை உயர்த்தும்போது ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காருக்குக் கீழே ஸ்ரான்ட் கொடுத்த பிறகே பாருங்கள். பழந்துணியால் சேறு, கிறீஸ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ரோச் அடித்துப் பெயரையும் இலக்கத்தையும் தேடுங்கள். ரொயோற்றாவின் சொந்தச் சாமான்களில் முன் சொக் அப்சோபரின் இலக்கம் 48510 அல்லது 48520 என்று தொடங்கும். பின்னுக்குள்ளது அநேகமாக 48530. பட்டியலில் முன் ஸ்பிரிங் 48131, பின் ஸ்பிரிங் 48231. வெளிக் கம்பனிச் சாமானில் அந்தக் கம்பனியின் பெயரும் அதன் இலக்கமும் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. டெயின் என்னும் ஜப்பான் கம்பனியின் ஸ்பிரிங் பச்சை நிறம் என்பது உண்மைதான். ஆனால் பச்சைப் பெயின்ற் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அடுத்து ஸ்பிரிங்கின் நுனியைப் பாருங்கள். கம்பனியில் செய்த நுனி ஒழுங்காக முடிந்து, இருக்கையில் சரியாகப் படிந்திருக்கும். வாளால் வெட்டிய நுனி கூராக இருக்கும். காஸால் வெட்டியதென்றால் அந்த இடம் உருகிக் கறுத்திருக்கும். சூடு பட்ட உருக்கு தன் பதத்தை இழந்துவிடும், பிறகு பாரத்தில் இறங்கிக்கொண்டே போகும், அல்லது முறியும். சில்லு நிலத்தை விட்டு எழும்பியதும் ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடக்கூடாது. ஆடினால் பள்ளத்தில் விழுந்தெழும்போது அது இருக்கையை விட்டு விலகலாம்.

எழுத்து ஒன்றும் இல்லையென்றால் அளவு எடுங்கள். எத்தனை சுற்று, கம்பி எவ்வளவு மொத்தம் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே கொப்பியில் எழுதுங்கள். கம்பியை வேணியர் இடுக்கிமானியால் அளக்க வேண்டும். ஏனென்றால் 12 மில்லிமீற்றர் கம்பி 13 ஆனால், மற்ற அளவுகள் மாறாவிட்டாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். வேலை செய்யும் 8 சுற்றில் 2 சுற்றை வெட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். கார் தூக்கிப் போடும், ஆனால் ரயருக்கு மேலே இடம் இருக்காது.

சொக் அப்சோபரில் எண்ணெய் கசிகிறதா, உள்ளேயுள்ள றப்பர்க் கட்டை வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதன் உடம்பில் திருகுபுரி இருந்து, ஸ்பிரிங் இருக்கும் தட்டு அதில் சுற்றினால், அது உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. அதற்குப் புது ஸ்பிரிங் தேவைப்படாமலும் போகலாம்.

அந்தச் சகோதரியின் காரில் முன் இரண்டிலும் ஒரு கம்பனியின் பெயரும் இலக்கமும் தெளிவாக இருந்தன. பின் இரண்டும் ரொயோற்றாவின் சொந்த ஸ்பிரிங், காஸால் வெட்டியவை. முன்னும் பின்னும் பொருந்தாத சோடி! கார்ப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தைக் கொடுத்து, அந்தக் காருக்குரிய ஸ்பிரிங் நாலையும் பாவித்த சாமான் கடையில் எடுத்தார். கழற்றும் வேலையைக் கராச்சில் கொடுத்தோம். அமுங்கிய ஸ்பிரிங்கின் மேல் நட்டை, அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் ஆளையே அடித்துவிடும். பூட்டி முடிந்ததும் சில்லு அலைன்மென்ற் பார்த்தார்கள். இப்போது குலை ஏற்றினாலும் ரயர் உரசுவதில்லை.

சகோதரிகளே, காசைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு ரோச்சும் பழந்துணியும் கொப்பியும் கொண்டு போங்கள். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக்கை விட்டு, நீங்கள் அறிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். ரயரின் உட்கரை மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். “உங்களுக்கு இது விளங்காது அக்கா” என்று யாராவது சொன்னால், “விளங்கும் மட்டும் சொல்லுங்கோ தம்பி” என்று நின்றுவிடுங்கள். அது உங்கள் காசு, ஏறப்போவது உங்கள் பிள்ளைகள்.

அடுத்த மாதம் பாவித்த ரயர் வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.